ஆகையால் என்னும் ஒரு சொல்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையிலே மண்டூர் என்னும் ஊர் இருக்கின்றது. சின்னக் கதிர்காமம் என்று அடியார்கள் போற்றும் முருகன் ஆலயத்தினாலும், பகவத்கீதையை வெண்பாவாகப் பாடிய புலவர்மணி ஏ. பெரியதம்பிப்பிள்ளை அவர்கள் 1899ஆம் ஆண்டில் பிறந்த ஊர் என்பதனாலும் தமிழ் மக்கள் அதன் பெயரை அறிவர். வாவிக்குக் கிழக்கே, ஞாயிறு எழும் பக்கத்தில் உள்ளது எழுவான்கரை. மேற்கே, ஞாயிறு படும் பக்கத்தில் உள்ளது படுவான்கரை. இடத்தின் பெயரிலேயே காரணத்தை வைத்துச் சொல்லும் அந்த நாட்டிலே, காரணத்தையும் காரியத்தையும் இனங்காண்பது எப்படி என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் போய், நானே கற்றுக்கொண்ட ஒரு பாடத்தை இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன். நடந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழிந்துவிட்டது. ஆயினும் சிவப்பு மைப் பேனாவைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அது என் நினைவுக்கு வருகின்றது.

1976ஆம் ஆண்டிலே, இளம் உபாத்தியாயனாக நான் அங்கே சென்றேன். அக்காலத்தில் குருமண்வெளித் துறையிலிருந்து வாவியைக் கடந்தே மண்டூருக்குப் போகவேண்டும். தமிழும் சமூகக் கல்வியும் கற்பிப்பது என் பணி. வாசிப்புப் பாடத்திலே, கிரகித்தல் என்னும் பகுதியில், மாணாக்கர் பெரிதும் இடறும் இடம் ஒன்று உண்டு. “இது ஏன் நடந்தது?” என்று கேட்டால், கதையில் அதற்கு முன்வரும் வாக்கியத்தை அப்படியே எடுத்து எழுதிவிடுவார்கள். முன்னே நடந்ததெல்லாம் காரணம், பின்னே நடந்ததெல்லாம் காரியம் என்பது அவர்களுடைய எண்ணம்.

இதைத் தீர்க்க நான் ஓர் எளிய வழி கண்டேன். ஆகையால், ஆதலால், எனவே, ஏனெனில், இதனால் ஆகிய சொற்களைக் கரும்பலகையிலே வரிசையாக எழுதிப் போட்டேன். “இந்தச் சொற்களைத் தேடுங்கள். கண்டதும் கீழே கோடிடுங்கள். ஆகையாலுக்கு முன்னே நிற்பது காரணம். பின்னே நிற்பது காரியம். ஏனெனில் என்பதற்கு மாத்திரம் இதைத் திருப்பிக்கொள்ளுங்கள்” என்றேன். பிள்ளைகள் விரைவில் பழகிக்கொண்டார்கள். பரீட்சையிலே புள்ளிகள் ஏறின. நானும் என் கெட்டித்தனத்தை எண்ணி மகிழ்ந்திருந்தேன்.

1978ஆம் ஆண்டு கார்த்திகை மாதம் வந்தது. நவம்பர் 23ஆந் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை அந்தப் பகுதி மக்கள் இன்றும் மறக்கவில்லை. இலங்கையில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை அது கொண்டுபோயிற்று. தலைமுறை தலைமுறையாக வளர்ந்த தென்னஞ்சோலைகள் ஓரிரவிலே தரையோடு படிந்தன. தென்னை விழவே கிடுகு இல்லாமற் போயிற்று. கிடுகு இல்லாமற் போகவே, காற்றுக்குத் தப்பிநின்ற சுவர்களும் கூரையின்றி மாரி மழையில் நனைந்து கரைந்தன. காரண காரியச் சங்கிலி என்பது என்ன என்பதை நான் கற்பிக்காமலே பிள்ளைகள் கண்ணாற் கண்டார்கள்.

தையிலே மீண்டும் வகுப்புத் தொடங்கிற்று. ஏழாம் வகுப்பிலே பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். அவளுடைய தகப்பனார் சூறாவளி நாளில் எழுவான்கரைக் கடைத்தெருவுக்குப் போய், சிறு தோணியொன்றில் திரும்பும் வழியில் இறந்துபோனார். இதை நானும் அறிவேன், ஊரும் அறியும். துக்கம் நேராத வீடு அருமையாக இருந்த அந்த நாளிலே, ஒரு பிள்ளையின் மௌனத்தைத் தனியாக எடுத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

மாசி மாதத்தில் ஒரு நாள், “ஆகையால் என்னும் சொல்லை அமைத்து மூன்று வாக்கியங்கள் எழுதுக” என்று அப்பியாசம் கொடுத்தேன். நாற்பது கொப்பிகளையும் வீட்டுக்குக் கொண்டுபோய், குப்பிவிளக்கின் ஒளியிலே திருத்தினேன். ஆகையால் என்னும் சொல் இருக்கின்றதா, முன்னே ஒரு வாக்கியம், பின்னே ஒரு வாக்கியம் சரியாக நிற்கின்றனவா என்று பார்த்தேன், சரி போட்டேன், அடுத்த கொப்பியை எடுத்தேன். மறுநாள் கொப்பிகளைத் திருப்பிக் கொடுத்தபோது, அந்தச் சிறுமி தன் கொப்பியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததும், பின்பு மெல்ல மூடிவைத்ததும் என் கண்ணிற் பட்டன. பட்டனவேயன்றி மனத்திற் படவில்லை.

ஒரு வாரத்தின் பின், நல்ல கையெழுத்துள்ள கொப்பிகளைத் தெரிந்தெடுத்துத் தரும்படி தலைமையாசிரியர் கேட்டார். அவளுடைய கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். கொப்பியை விரித்தேன். மூன்றாவது வாக்கியம் இவ்வாறிருந்தது:

“நான் சிவப்பு றிபன் கேட்டேன், ஆகையால் அப்பா திரும்பி வரவில்லை.”

அதன் பக்கத்திலே, என் கையாற் போட்ட பெரிய சிவப்புச் சரி.

நேயர்களே, அந்த நேரத்தில் என் உள்ளம் பட்ட பாட்டை எழுத்திலே வடிக்க இயலாது. ஒரு குழந்தை தன் நெஞ்சுக்குள்ளே தானே நீதிபதியாய் இருந்து, தானே குற்றவாளியாய் நின்று, தீர்ப்பை எழுதி என்னிடம் தந்திருக்கின்றாள். நானோ அதை வாசியாமலே, “சரி” என்று கையொப்பம் இட்டுக் கொடுத்துவிட்டேன். ஏழு நாட்களாக அவள் என் சரியடையாளத்தையும் சேர்த்துச் சுமந்திருக்கின்றாள்.

பாடசாலை விட்டதும் அவளை அழைத்தேன். “பிள்ளை, இந்தச் சரி வாக்கிய அமைப்புக்குப் போட்டது. சொன்ன செய்தி சரியென்று நான் சொல்லவில்லை. வாசியாமற் போட்டது என் பிழை” என்றேன்.

அவள் நிலத்தைப் பார்த்தபடி, “ஆனால் அது உண்மைதானே, சேர்? நான் கேட்டதாலேதானே அப்பா அன்றைக்குப் போனார்” என்றாள்.

அவர் வேறு அலுவலாகவும் போயிருப்பார், றிபனுக்காக மாத்திரம் போயிருக்கமாட்டார் என்று சொல்லிவிட நாவு எழுந்தது. ஆனால் அது எனக்குத் தெரியாத செய்தி. தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லி அவளைத் தேற்றினால், நாளைக்கு அவள் உண்மையை அறியும்போது என் ஆறுதலும் உடைந்துபோகும். “எனக்கு ஆறுதலாக யோசிக்க வேண்டும், நீயும் யோசி” என்று மாத்திரம் சொல்லி அனுப்பினேன். உபாத்தியாயன் ஒருவன் மாணவிக்குச் சொல்லக்கூடிய விடைகளில் அதைவிட ஏழ்மையான விடை இல்லை. ஆயினும் அன்று என்னிடம் இருந்த உண்மை அவ்வளவுதான்.

அன்றிரவு நான் உறங்கவில்லை. என் முறையில் எங்கே பிழை இருக்கின்றது என்று எண்ணிப் பார்த்தேன். ஆகையால் என்னும் சொல் காரணத்தைக் கண்டுபிடித்துத் தருவதில்லை. எழுதுகின்றவன் எதைக் காரணமென்று நினைக்கின்றான் என்பதையே காட்டுகின்றது. அவன் நினைப்புப் பிழையாயின் சொல்லும் பிழையைத்தான் சுமக்கும். நானோ பிள்ளைகளுக்குப் பாலத்தைக் காட்டினேன். அந்தப் பாலம் பாரம் தாங்குமா என்று சோதிக்கக் கற்பிக்கவில்லை.

நம் இலக்கண ஆசிரியர்கள் இதை அறிந்திருந்தார்கள். “மாரி பொழிய வயல் விளைந்தது” என்றால், பொழிய என்னும் எச்சம் காரணத்தைக் காட்டுகின்றது. “வயல் விளைய மாரி பொழிந்தது” என்றால், விளைய என்னும் எச்சம் காரியத்தைக் காட்டுகின்றது. “பொழுது சாயத் தோணி வந்தது” என்றாலோ, காரணமும் இல்லை, காரியமும் இல்லை. இரண்டும் ஒரே வேளையில் நிகழ்ந்தன என்பதே பொருள். மூன்றிடத்தும் எச்சத்தின் வடிவம் ஒன்றே. வடிவத்தைப் பார்த்து வேறுபாட்டை அறிய முடியாது. உலகத்தைப் பார்த்தே அறியவேண்டும். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையும் இதுவே. காகம் இருந்ததும் உண்மை, பழம் விழுந்ததும் உண்மை. இரண்டுக்கும் நடுவே நாம் செருகும் ஆகையால்தான் பொய்.

மறுவாரம் தொடக்கம் என் பாடத்தை மாற்றினேன். கோடிடுவதை நிறுத்தினேன். அதற்குப் பதிலாக மூன்று கேள்விகளைக் கரும்பலகையில் எழுதினேன். முதலாவது: இது இல்லாவிட்டாலும் அது நடந்திருக்குமா? இரண்டாவது: இது மாத்திரம் இருந்தால் அது நடந்துவிடுமா, வேறும் வேண்டுமா? மூன்றாவது: இதே காரணம் வேறொரு நாளில் இருந்தபோது என்ன நடந்தது?

முதலில் ஊரிலிருந்தே தொடங்கினேன். வாவிக்கும் கடலுக்கும் இடையே பாலமீன்மடுவிலும் கல்லாற்றுப் பக்கத்திலும் முகத்துவாரங்கள் உண்டு. கோடையிலே அலைகள் மணலை ஒதுக்கி அவற்றை அடைத்துவிடும். மாரியில் ஆறுகள் பெருகி வந்து விழ, வாவி நிரம்பி, படுவான்கரை வயல்களிலே தண்ணீர் ஏறும். அப்போது முகத்துவாரத்தை வெட்டிவிடவேண்டும் என்று உழவர்கள் கேட்பார்கள். “வயல் அழிந்ததற்குக் காரணம் என்ன?” என்றேன். “மழை” என்றனர் எல்லாரும். “மழை மாத்திரம் போதுமா?” என்றேன். சிறிது நேரம் மௌனம். பின்பு ஒருவன், “முகத்துவாரம் திறந்திருந்தால் தண்ணீர் ஓடியிருக்கும்” என்றான். இன்னொருத்தி, “வயல் பள்ளத்தில் இருக்கிறது; மேட்டு வயலுக்கு ஒன்றும் ஆகவில்லை” என்றாள். ஒரு காரியத்துக்கு மூன்று காரணங்கள் கைக்கு வந்தன. முகத்துவாரம் வெட்டினால் என்ன நடக்கும் என்று கேட்டபோது, வயல்வெள்ளம் வடிவதோடு உப்புத் தண்ணீர் உள்ளே வருவதையும், மீன்பிடிகாரரின் தொழில் மாறுவதையும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் சொன்னார்கள். ஒரு காரணத்துக்குக் காரியங்கள் பல என்பதும் விளங்கிற்று.

அடுத்த நாள் சூறாவளியையே எடுத்தேன். அஞ்சியஞ்சித்தான் எடுத்தேன், எனினும் பிள்ளைகள் அதைப் பற்றிப் பேச ஏங்கியிருந்தார்கள். வெப்பமேறிய கடல்நீர் ஆவியாக எழுகின்றது. அங்கே அமுக்கம் குறைகின்றது. சுற்றிலுமுள்ள காற்று அவ்விடத்தை நோக்கி விரைகின்றது. பூமியின் சுழற்சியினால் நேரே போகமுடியாமற் சுழல்கின்றது என்று படம் போட்டு விளக்கினேன். சூறாவளியின் நடுவே கண் என்று ஒரு பகுதி உண்டு. அது கடந்துசெல்லும் இடங்களிலே காற்றுச் சட்டென்று ஓய்ந்து அமைதி பிறக்கும். “காற்று நின்றது, ஆகையால் புயல் முடிந்தது” என்று எண்ணி வெளியே வருகின்றவன், சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து வரும் காற்றுக்கு இரையாகின்றான். பிழையான ஓர் ஆகையால் உயிரையும் வாங்கும் என்பதைப் பிள்ளைகள் உணர்ந்தார்கள்.

பிறிதொரு நாள் மலேரியாவைப் பற்றிய வாசிப்புப் பகுதி ஒன்றை எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெயர் இத்தாலிய மொழியிலே கெட்ட காற்று என்னும் பொருளுடைய சொற்களிலிருந்து வந்தது. சதுப்பு நிலத்துத் துர்க்காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்று பன்னெடுங்காலம் நம்பினார்கள். நுளம்பே அந்நோயைக் காவுகின்றது என்பதற்கான சான்றை ரொனால்ட் றோஸ் என்னும் வைத்தியர் 1897இல் இந்தியாவிலே கண்டார். சதுப்பு நிலத்தையும் காய்ச்சலையும் மக்கள் ஒருங்கே கண்டது உண்மை. ஆனால் நடுவே நின்ற நுளம்பை அவர்கள் காணவில்லை. மழை மிகுந்தால் நுளம்பு மிகும் என்று எண்ணுகின்றோம். இலங்கையில் 1934ஆம், 1935ஆம் ஆண்டுகளில் பல்லாயிரவரைக் கொன்ற மலேரியாவோ வரட்சியினால் வந்தது. ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் வற்றிக் குட்டைகளாகத் தேங்கவே, நுளம்புகள் பெருகின. காரணம் என்று முதலில் தோன்றுவதை உடனே நம்பாதே என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ? காரணத்தைச் சரியாகக் கண்டதன் பயனை இன்று நாம் அனுபவிக்கின்றோம்; 2016ஆம் ஆண்டில் இலங்கை மலேரியா ஒழிந்த நாடென்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

இவ்வளவும் நடந்தபோது அந்தச் சிறுமி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வைகாசி மாதம் வந்தது. மட்டக்களப்பு நாட்டிலே வைகாசி என்றால் கண்ணகை அம்மன் சடங்கு. ஊரெங்கும் அம்மன் கதை பாடப்படும் அந்த நாட்களில், கோவலன் கொலையுண்ட கதையை வகுப்பிலே வாசித்தோம். “அரசியின் சிலம்பு காணாமற் போயிற்று, இவன் கையில் ஒரு சிலம்பு இருக்கின்றது, ஆகையால் இவனே கள்வன்” என்று பாண்டியன் கண்ட முடிவைக் கரும்பலகையில் எழுதி, அந்த ஆகையால் பாரம் தாங்குமா என்று கேட்டேன். “தாங்காது” என்று வகுப்பே ஆரவாரித்தது. உலகத்தில் ஒரு சிலம்புதானா உண்டு என்று ஒருவன் கேட்டான். அரசியின் சிலம்பிலே முத்து, கண்ணகியின் சிலம்பிலே மாணிக்கம், உடைத்துப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும் என்றான் மற்றொருவன். பின்பு, “அப்படியானால் கோவலன் இறந்ததற்கு யார் காரணம்?” என்றேன். சிலர் பொற்கொல்லன் என்றனர். சிலர் பாண்டியன் என்றனர். மாதவி என்றாள் ஒருத்தி.

அப்பொழுது அந்தச் சிறுமி எழுந்து நின்றாள்.

“கண்ணகிதான் காரணம், சேர்” என்றாள். “அவதானே சிலம்பைக் கழற்றிக் கொடுத்தா. கொடுக்காமல் விட்டிருந்தால் கோவலன் செத்திருக்க மாட்டாரே? உங்களுடைய முதலாவது கேள்விக்கு அதுதானே விடை?”

வகுப்பு திகைத்தது. “கண்ணகை அம்மனையா குற்றம் சொல்கிறாய்?” என்று பின்வாங்கிலிருந்து ஒரு குரல் சினந்தது. நான் கையமர்த்தினேன். அவள் கேட்டது கண்ணகியைப் பற்றியன்று என்பது அந்த அறையிலே எனக்கும் அவளுக்கும் மாத்திரமே தெரியும். கேள்வியோ மிகக் கூர்மையானது. என் முதற் கேள்வியின்படி பார்த்தால் அவள் சொன்னது சரியே. சிலம்பு கொடாவிட்டால் கோவலன் அதை விற்கப் போயிருக்கமாட்டான். நான் கொடுத்த கருவியையே எடுத்து அவள் என் முன் நீட்டிவிட்டாள்.

“நல்ல கேள்வி” என்றேன். “இதற்கு நான் விடை சொல்லப்போவதில்லை. மற்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள்.”

பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராகப் பேசினார்கள். சிலம்பு கொடுத்தது மாத்திரம் கொலைக்குப் போதாது. பொற்கொல்லன் பொய் சொல்லவேண்டும், அரசன் விசாரியாமல் ஆணையிடவேண்டும் என்றான் ஒருவன். நகையை விற்று முதல் தேடப் போன கணவன்மார் எத்தனையோ பேர். அவர்களெல்லாம் வீடு திரும்பினார்கள் என்றாள் ஒருத்தி. “கொலை நடக்கப் போகிறது என்று தெரிந்தா கண்ணகி கொடுத்தா? அவர் நன்றாய் வாழவேண்டும் என்றுதானே கொடுத்தா?” என்றான் மற்றொருவன்.

இறுதியிலே, அதிகம் பேசாத ஒரு பையன் எழுந்தான். வயலுக்குக் காவல் போவதனால் வகுப்பிலே பாதி நாள் உறங்குகின்றவன் அவன். “சேர், சிலம்பு கொடுத்தவவை ஒருவரும் கள்ளி என்றோ கொலைகாரி என்றோ சொல்லவில்லையே. எங்கட ஊரில் அம்மன் என்று கும்பிடுகிறோம்” என்றான்.

வகுப்பிலே ஓசை அடங்கிற்று. அந்தச் சிறுமி நின்றபடியே நின்றாள். பின்பு மெல்ல உட்கார்ந்து, முகத்தைக் கொப்பியின்மேற் கவிழ்த்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. பக்கத்தில் இருந்தவள் ஒன்றும் விளங்காமலே அவள் முதுகிலே கையை வைத்தாள். நான் மணியடிக்கும்வரை கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று எனக்கும் ஒன்று தெளிந்தது. நிகழ்ச்சிச் சங்கிலியில் ஒரு கண்ணியாய் இருப்பது வேறு. காரணமாய் இருப்பது வேறு. குற்றவாளியாய் இருப்பது முற்றிலும் வேறு. முதலாவதற்கு நிகழ்ச்சி போதும். இரண்டாவதற்கு ஆற்றல் வேண்டும். மூன்றாவதற்கு அறிவும் விருப்பும் வேண்டும். குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்று சைவ சித்தாந்திகள் பகுத்ததன் அருமை அப்போதே எனக்கு விளங்கிற்று. எல்லாவற்றையும் காரணம் என்னும் ஒரே பெட்டியில் போட்டால், குடம் வாங்கி வரச்சொன்னவளும் அதை உடைத்தவளாகிவிடுவாள்.

மறுநாட் காலையில் என் மேசைமீது ஒரு கொப்பி இருந்தது. மாசி மாதத்து அப்பியாசப் பக்கம் விரித்திருந்தது. பழைய வாக்கியத்தை அவள் வெட்டவில்லை. அதன் கீழே, அதே முத்துமுத்தான எழுத்தில், புதிதாக எழுதியிருந்தாள்:

“நான் சிவப்பு றிபன் கேட்டேன். அப்பா சந்தோஷமாகப் போனார். சூறாவளி வந்தது, ஆகையால் அப்பா திரும்பி வரவில்லை.”

ஒரு சொல்தான் இடம் பெயர்ந்திருந்தது. துக்கம் அப்படியே இருந்தது; அதை எவராலும் மாற்ற முடியாது. ஆனால் அந்தத் துக்கத்துக்குள்ளே இருந்த முள்ளை அவள் தன் கையாலேயே எடுத்துவிட்டாள். பேனாவை எடுத்தேன். இம்முறை ஒவ்வோர் எழுத்தாக வாசித்தேன். இரண்டு முறை வாசித்தேன். அதன் பின்னரே சரி போட்டேன்.

அன்று தொடக்கம், நான் ஓய்வு பெறும்வரை, வாசியாமல் எந்தக் கொப்பிக்கும் சரி போட்டதில்லை. என் மேலதிகாரிகள் என்னை மந்தமானவன் என்று கருதியதுண்டு. அது நியாயமே.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை சொல்லி முடிக்கின்றேன். காரண காரியத்தை அறிவது பரீட்சையில் ஐந்து புள்ளி பெறுவதற்கான வித்தையென்று எண்ணவேண்டாம். “இவள் பிறந்த நேரம் தகப்பனுக்கு ஆகவில்லை,” “அவன் கால் வைத்தான், வீடு விளங்கவில்லை” என்றெல்லாம் நாம் யோசியாது சொல்லும் வார்த்தைகளிலே எத்தனை பொய்யான ஆகையால்கள் ஒளிந்திருக்கின்றன! அவற்றை மூலையிலிருந்து கேட்கும் குழந்தைகள் மனத்திலே எழுதி வைத்துக்கொள்கின்றார்கள். நாமோ வாசியாமலே சரி போட்டுவிடுகின்றோம். இந்த ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையை விரித்துப் பிள்ளையோடு அமரும்போது, ஒரு செய்தியை வாசிக்கச் சொல்லி, “இது ஏன் நடந்தது? இது மாத்திரமா காரணம்?” என்று கேளுங்கள். விடை பிழைத்தாலும் பாதகமில்லை. கேள்வி கேட்கப் பழகிய பிள்ளை, தன்னைத் தானே பிழையாகத் தண்டிக்கும் நாளிலே, அந்தக் கேள்வியை எடுத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும்.